வெள்ளிக்கிழமை அட்டை

சாட்ஸ்வொர்த்தின் விளக்குக் கம்பங்களில்
இந்த வெள்ளிக்கிழமையும் அட்டை கட்டிவிட்டார்கள்.
பேப்பர் விற்க ஒரே ஒரு வரி:
"தாயைக் கொன்றவள் பார்டர்லைன்."
பஸ்ஸில் போகிறவனும் படிக்கிற அளவுக்கு எழுத்து.
மழை பெய்தால் கரையும் என்று பார்த்தேன்.
டர்பன் மழை வேண்டும்போது வராது.

ராத்திரி பாத்திரம் கழுவி முடித்து
அண்ணி செல்வராணி கத்திகளை எண்ணினாள்.
வாய்விட்டு இல்லை, உதடு மட்டும் அசைந்தது.
ஏழு.
மீன் வெட்டும் பெரியதை
அரிசி டின்னுக்குப் பின்னால் தள்ளிவிட்டு
"டீ போடட்டுமா?" என்றாள்.

நல்லவள்.
போன வருஷம் குளியலறைத் தாழ்ப்பாளைத் தோளால் இடித்து
என்னைக் காரில் போட்டு
ஆர்.கே. கான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டியவள் அவள்தான்.
அன்று அவள் சட்டையில் இருந்தது என் ரத்தம்.
வேறு யாருடையதும் இல்லை.
அது அவளுக்கும் தெரியும்.
அட்டை கொஞ்சம் உரக்கப் பேசுகிறது, அவ்வளவுதான்.

பெயரை முதலில் சொன்னபோது சிரித்துவிட்டேன்.
எல்லைக்கோடாம்.
மேகசின் பாரக்ஸிலிருந்து லாரியில் ஏற்றி
யாரோ ஸ்கேல் வைத்து இழுத்த கோட்டுக்கு இந்தப் பக்கம்
அப்பாவை இறக்கிய ஊரில்
கோட்டைப் பற்றி எனக்குப் பாடமா?
சிஸ்டர் தண்டேகா சிரிக்கவில்லை.
"உன் வீட்டில் அலாரம் இருக்கிறதா?" என்று கேட்டாள்.
இருக்கிறது. எல்லார் வீட்டிலும் இருக்கிறது.
எங்களுடையது பூனை நடந்தாலே அலறும்,
தெருவே எழுந்துகொள்ளும்.
"அப்படித்தான்" என்றாள்.
வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.
அலறுகிறது என்பதற்காக
அலாரத்தை யாரும் திருடன் என்பதில்லை.

நான் சாதுவும் இல்லை.
பூபாலன் போனை எடுக்காத ஒரு சாயங்காலம்
முப்பத்தொரு தடவை அழைத்தேன்.
கோப்பையைச் சுவரில் எறிந்தேன்.
பிறகு விடிய நாலு மணிவரை
அந்தத் தேயிலைக் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.
இன்னும் இருக்கிறது,
காலண்டருக்குப் பின்னால்.

பூபாலனுக்கு முன்னால் தயாளன்.
என் மணிக்கட்டை அவன் முறுக்கி உடைத்த இரவு
ஸ்டேஷனில் படிவம் நிரப்பிக்கொண்டே
கான்ஸ்டபிள் கேட்டார்:
"நீங்கள்தானே மாத்திரை சாப்பிடுகிறவர்?"
ஆமாம் என்றேன்.
பேனாவை மூடிவிட்டார்.
தயாளனுக்கு எந்த டாக்டரும் எந்தப் பெயரும் வைக்கவில்லை.
கொஞ்சம் கோபக்காரன், அவ்வளவுதான்.
தைப்பூசத்துக்குக் காவடிக் கணக்கு அவன்தான் எழுதுகிறான்.
பைசா பிசகாது.

அந்த அட்டையில் அவள் பெயரும் இல்லை,
செத்துப்போன அம்மாவின் பெயரும் இல்லை.
எதற்காகக் கொன்றாள், எனக்குத் தெரியாது.
அவளை நியாயப்படுத்த வரவில்லை.
இருவருக்கும் ஒரே சொல்லைக் கட்டியிருக்கிறார்கள்,
அதைத்தான் சொல்கிறேன்.

ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்தேன்.
அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து பெரிய கத்தியை எடுத்து
கேட் வரை போய்விட்டேன், அட்டையை அறுக்க.
பூட்டில் கை வைத்தபோதுதான்
என்னை நானே பார்த்தேன்:
நைட்டி, இருட்டு, கத்தி.
அடுத்த வெள்ளிக்கிழமைக்கு வேறென்ன வேண்டும் அவர்களுக்கு?
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.
கத்தியைத் திரும்ப வைத்துவிட்டு
வெறுங்கையோடு போனேன்.
கம்பியை நாலு சுற்று முறுக்கியிருந்தான் பாவி.
நகம் பிய்ந்தது. அட்டை வந்தது.

காலையில் அண்ணி என் விரலைப் பிடித்து
"இது என்ன?" என்றாள்.
"கம்பி" என்றேன்.
மேற்கொண்டு கேட்கவில்லை.
பிளாஸ்டரை ஊதி ஊதி ஒட்டினாள்,
குழந்தைக்கு ஒட்டுவதுபோல.
பிறகு டிராயரைத் திறந்து
மறுபடி எண்ணினாள்.